மேசை லாச்சிக்குள் கிடக்கும் கடனட்டை

நமது வியாபாரிகள் வருடத்தில் ஒரு தடவையாவது கடையிலுள்ள சரக்கை எண்ணிப் பார்ப்பார்கள். ஸகாத் கணக்குப் பார்ப்பதற்காகவேனும் ஸ்டொக் எடுப்பார்கள், வரவேண்டிய கடன் எவ்வளவு, கொடுக்கவேண்டிய கடன் எவ்வளவு என்று கொப்பியில் எழுதுவார்கள். ஆனால் அந்தக் கணக்கில் சேராத ஒரு பொருள் அநேகரின் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. எப்போதோ எடுத்து, சில காலம் பாவித்து, பின்னர் கைவிட்ட கிரெடிட் கார்ட்தான் அது. "அதைத்தான் நான் பாவிக்கிறதில்லையே, அதில என்ன கணக்கு?" என்று கேட்பார்கள். பாவிக்காத கார்டுக்கும் கணக்கு உண்டு என்பதைச் சொல்லவே இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

கடனட்டை என்பது அந்தப் பிளாஸ்டிக் துண்டு அல்ல. அது வங்கியோடு நாம் கையொப்பமிட்ட ஓர் உடன்படிக்கை. பிளாஸ்டிக்கை வெட்டி எறிந்தாலும், தொலைத்தாலும், அதன் திகதி முடிந்தாலும் உடன்படிக்கை முடிவதில்லை. திகதி முடிந்தால் வங்கி புதிய கார்டை அனுப்பும், வருடாந்தக் கட்டணத்தையும் கணக்கில் போடும். நாம் எழுத்து மூலம் மூடும்வரை கணக்கு திறந்தே இருக்கும்.

எப்படி லாச்சிக்குள் வந்தது?

2000ஆம் ஆண்டுகளில் புறக்கோட்டைக் கடைகளுக்கு வங்கி விற்பனைப் பையன்மார் கோப்புகளோடு வந்து போனது பலருக்கும் ஞாபகமிருக்கும். முதல் வருடம் கட்டணம் இல்லை, அடையாள அட்டைப் பிரதியும் வியாபாரப் பதிவுப் பிரதியும் தந்தால் போதும் என்பார்கள். தெரிந்த பையன், அவனுக்கும் மாத இலக்கு இருக்கிறது என்று இரக்கப்பட்டுக் கையொப்பமிட்டவர்கள் உண்டு. ஒரே கடையில் மூன்று வங்கிகளின் கார்டுகள் இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

பிறகு பலர் பாவனையை நிறுத்தினார்கள். வட்டியோடு எந்தத் தொடர்பும் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் ஒரு சாரார். 2005இல் வங்கிச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் பின்னர் இஸ்லாமிய வங்கிச் சேவைகளுக்கு வழி பிறந்தது. 2011இல் அமானா வங்கி உரிமம் பெற்ற வர்த்தக வங்கியாகச் செயற்படத் தொடங்கியது. கணக்கை அங்கு மாற்றியவர்கள் பழைய வங்கியின் நடைமுறைக் கணக்கை மூடினார்கள், காசோலைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அதே வங்கியின் கார்ட் பிரிவு வேறு, கணக்குப் பிரிவு வேறு என்பது பலருக்குத் தெரியவில்லை. கார்ட் கணக்கு அப்படியே திறந்து கிடந்தது. வட்டியை விட்டு விலகியதாக நினைத்தவரின் பெயரில், அவர் அறியாமலே, தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறிக்கொண்டிருந்தன என்றால் அதைவிடக் கவலை வேறென்ன?

ஒரு லொறி நின்று போன கதை

களுபோவில ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் குடியிருக்கும் ஒரு மொத்த வியாபாரி, எனக்கு நெடுநாள் பழக்கமானவர், சில வருடங்களுக்கு முன்னர் சாமான் ஏற்ற ஒரு சிறிய லொறி எடுக்க லீசிங் கேட்டார். வியாபாரம் நல்லபடி நடக்கிறது, காசோலை ஒன்றுகூடத் திரும்பியதில்லை. ஆனாலும் லீசிங் கம்பனி கையை விரித்தது. "நானா, எனக்கு யாரிடமும் கடன் இல்ல. க்ரிப்ல ஏதோ இருக்காம் என்கிறாங்க" என்று என்னிடம் வந்தார்.

அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்த காலத்தில் எடுத்த ஒரு கார்ட். கடைசியாகப் பாவித்த தொகையை முழுமையாகக் கட்டிவிட்டு, கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டிருக்கிறார். அதன் பின்னர் வந்த வருடாந்தக் கட்டணம் கட்டப்படவில்லை. மாதாந்தக் கூற்றுக்கள் பழைய வீட்டு விலாசத்துக்கே போயிருக்கின்றன. வங்கி அழைத்த தொலைபேசி இலக்கத்தை அவர் எப்போதோ கைவிட்டுவிட்டார். சில ஆயிரம் ரூபாய்க் கட்டணம், நிலுவையிலுள்ள கடனாக அவரது பெயருக்குக் கீழே நின்றது. கணக்கைத் தீர்த்து, கடிதம் எடுத்து, அறிக்கை திருந்தும்போது சில மாதங்கள் கடந்துவிட்டன. அவர் பார்த்து வைத்திருந்த லொறியை வேறொருவர் வாங்கிவிட்டார்.

அந்த வங்கியின் பெயர் இங்கு தேவையில்லை. எந்த வங்கியிலும் இது நடக்கலாம்.

சிறு தொகை எப்படிப் பெருக்கிறது?

ஓர் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வருடாந்தக் கட்டணம் 3,000 ரூபாய். அதைக் கட்டாவிட்டால் மாதமொன்றுக்குத் தாமதக் கட்டணம் 1,000 ரூபாய். ஒரு வருடம் கவனிக்காமல் விட்டால் 3,000 ரூபாய் 15,000 ஆகிறது. வட்டியை இன்னும் சேர்க்கவில்லை. ஒரு கோப்பை தேநீர்கூட அந்தக் கார்டில் வாங்காத மனிதருக்கு இந்தப் பட்டியல்.

வட்டியும் நாம் கையொப்பமிட்ட நாளில் இருந்தபடி இருப்பதில்லை. 2020 ஓகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு வருடத்துக்கு 18 வீதம் என்று உச்ச எல்லை விதித்தது. பொருளாதார நெருக்கடியின்போது 2022 ஏப்ரலில் அந்த எல்லை நீக்கப்பட்டது. அந்த வருடத்திலேயே வங்கிகளின் கடனட்டை வட்டி 30 வீதத்தைக் கடந்தது. 2023 ஓகஸ்டில் 28 வீதம் என்று மீண்டும் ஓர் எல்லை வந்தது. மூன்று வருடங்களில் இத்தனை மாற்றம். கூற்றைத் திறந்து பார்க்காதவருக்கு இவற்றில் எதுவும் தெரியவராது.

க்ரிப் என்றால் கறுப்புப் பட்டியலா?

நம்மவர்கள் "பெயர் க்ரிப்பில் விழுந்துவிட்டது" என்று சொல்வதுண்டு. இது சரியான பேச்சல்ல. இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. ஒழுங்காகக் கட்டுபவரின் விபரமும் அங்கு இருக்கும், கட்டாதவரின் விபரமும் இருக்கும். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தமது வாடிக்கையாளர்களின் கடன் நிலையை அதற்கு அறிவிக்கின்றன. கடன் கேட்டுப் போகும்போது அந்த அறிக்கையை எடுத்துப் பார்க்கின்றன. கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது பணியகம் அல்ல, கடன் கொடுக்கும் நிறுவனமே.

வியாபாரிக்கு இது சம்பளக்காரரைவிட முக்கியம். ஓடீ கேட்டாலும், இறக்குமதிக்கு எல்சீ திறந்தாலும், வாகனத்துக்கு லீசிங் எடுத்தாலும், மகனின் கடனுக்குப் பிணை நின்றாலும் அந்த அறிக்கை மேசைக்கு வரும். நிலுவை எதுவும் இல்லாத கார்டுகூட அதன் கடன் எல்லையோடு கணக்கிலெடுக்கப்படலாம். மூன்று கார்டுகளில் மொத்தம் 15 இலட்சம் எல்லை இருந்தால், "இவர் நாளைக்கே 15 இலட்சம் கடன்காரராகலாம்" என்றுதான் கடன் அதிகாரி பார்ப்பார்.

தன்னுடைய அறிக்கையைத் தானே கேட்டுப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. கடன் தேவைப்படும் நாளில் ஓடுவதைவிட, தேவையில்லாத நாளில் எடுத்துப் பார்ப்பது நல்லது. எந்த வங்கியில் என்ன கார்ட் இருந்தது என்று மறந்தவருக்கும் அது வழிகாட்டும்.

விலாசம், தொலைபேசி, வங்கி எல்லாமே மாறுகின்றன

களுபோவில, தெஹிவளை, வெள்ளவத்தைப் பகுதிகளில் வாடகைக்குக் குடியிருந்து இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வீடு மாறும் குடும்பங்கள் ஏராளம். கொட்டாஞ்சேனையிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்களும் உண்டு. கார்ட் புதுப்பிக்கப்பட்டு வரும் கடித உறை பழைய வீட்டுக்குப் போனால் அதைத் திறப்பவர் யார்? கைவிட்ட சிம் இலக்கம் கொஞ்சக் காலத்தின் பின்னர் வேறொருவருக்குப் போகலாம். அதற்கு வங்கியின் ஓடீபி குறுந்தகவல் போனால் என்ன நடக்கும்? தினமும் பாவிக்கும் கார்டில் திருட்டு நடந்தால் அன்றைக்கே கண்டுபிடிப்போம். பாவிக்காத கார்டில் நடந்தால் மாதக்கணக்கில் தெரியாமல் போகும். திருடனுக்கு வசதியானது அதுதான்.

வங்கியே கைமாறுவதும் நடக்கிறது. 2000ஆம் ஆண்டில் கிரின்ட்லேஸ் வங்கியை ஸ்டான்டர்ட் சார்ட்டட் வாங்கியது. 2025 செப்டம்பரில் எச்எஸ்பிசி வங்கி இலங்கையிலுள்ள தனது சில்லறை வங்கி வணிகத்தை நேஷன்ஸ் ட்ரஸ்ட் வங்கிக்கு விற்க உடன்பட்டிருப்பதாக அறிவித்தது. கடனட்டைக் கணக்குகளும் அந்த வணிகத்தின் ஒரு பகுதி. இப்படி மாறும்போது கார்ட் இலக்கம், கட்டணம், கூற்று வரும் முறை, அழைக்கவேண்டிய தொலைபேசி இலக்கம் எல்லாம் மாறலாம். அறிவித்தல் வங்கியிடமுள்ள விலாசத்துக்கே வரும். பழைய விலாசத்தோடு இருப்பவருக்குத் தனது கடன் யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாமல் போகும். வங்கி கைமாறும் செய்தியைக் கேட்ட உடனேயே பழைய கார்டைத் தேடி எடுங்கள்.

இதே சந்தர்ப்பத்தில் மோசடிக்காரர்களும் அழைப்பார்கள். "உங்கள் பழைய கார்டை ரத்துச் செய்கிறோம், இலக்கத்தையும் ஓடீபியையும் சொல்லுங்கள்" என்பார்கள். கார்டை மூடுவதற்கு எந்த வங்கிக்கும் ஓடீபி தேவையில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, கார்டின் பின்புறத்திலோ கூற்றிலோ உள்ள இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள்.

கார்ட் கணக்கில் காசு வைக்காதீர்கள்

சிலர் "கட்டணம் வந்தால் கழிக்கட்டும்" என்று பழைய கார்ட் கணக்கில் மேலதிகமாகப் பணம் கட்டி வைக்கிறார்கள். இது நல்ல யோசனை அல்ல. கடனட்டைக் கணக்கு கடன் கொடுப்பதற்கானது, சேமிப்பதற்கானது அல்ல. இதைப் பற்றிப் பேசும்போது கோல்டன் கீயை மறக்க முடியாது. செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்த கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி, பொதுமக்களிடம் வைப்புப் பெறுவதற்கு மத்திய வங்கியின் அனுமதி இல்லாமலே, சுமார் 9,000 பேரிடமிருந்து ஏறக்குறைய 26 பில்லியன் ரூபாய் திரட்டியிருந்தது. 2008 டிசம்பரில் அது வீழ்ந்தது. வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்கள் வருடக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள். உரிமம் பெற்ற வங்கியின் கார்டை அதோடு ஒப்பிட முடியாது என்பது உண்மைதான். என்றாலும் பாடம் ஒன்றுதான்: காசை வைக்கவேண்டிய இடத்தில் வையுங்கள். பழைய கார்டில் உங்கள் பணம் மீதியிருந்தால் கேட்டுத் திருப்பி எடுங்கள்.

வைத்திருப்பதா, மூடுவதா?

"பழைய கார்டை மூடாதே, மூடினால் புள்ளி குறையும்" என்று இன்டர்நெட்டில் பார்த்ததாக இளைஞர்கள் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் அமெரிக்க அறிவுரை. அங்கு 1989 முதல் பாவனையிலுள்ள பைக்கோ புள்ளி முறையில், எடுத்த கடன் மொத்த எல்லையில் எத்தனை வீதம், கணக்குகள் எவ்வளவு பழையவை என்பனவெல்லாம் சேரும். அங்கு கட்டணமில்லாத கார்டுகளும் தாராளம். பாவிக்காததற்காகக் கட்டணம் அறவிடுவதும் 2010இல் தடைசெய்யப்பட்டது. அந்த ஊருக்கு அது சரியாக இருக்கலாம். வருடாந்தக் கட்டணம் அறவிடும் இந்த நாட்டில், பாவிக்காத மூன்று கார்டுகளை வைத்திருக்க அது காரணமாகாது.

அதில் ஓர் உண்மை இருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. நீண்டகாலம் ஒழுங்காகக் கட்டிவந்த கணக்கு ஒரு நல்ல சாட்சி. வெளிநாட்டுப் பயணத்துக்கோ ஒன்லைனில் சாமான் வரவழைக்கவோ கார்ட் வேண்டும் என்பவர் ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் வைத்திருப்பதென்றால் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி வங்கியிடம் கேளுங்கள், கேட்டால் கிடைப்பதுண்டு. எல்லையைத் தேவைக்கேற்பக் குறையுங்கள். விலாசத்தையும் தொலைபேசியையும் புதுப்பியுங்கள். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் குறுந்தகவல் வரச் செய்யுங்கள். இடைக்கிடை சிறு தொகைக்குப் பாவித்து, தவணைத் திகதிக்கு முன்னர் முழுத் தொகையையும் கட்டுங்கள். இதையெல்லாம் செய்ய நேரமில்லை என்றால் மூடிவிடுங்கள். வைத்திருப்பதும் இல்லாமல் மூடுவதும் இல்லாமல் லாச்சிக்குள் போட்டு வைப்பதுதான் ஆபத்து.

மூடும் முறை

முதலில், அந்தக் கார்டில் தானாகக் கழியும் கொடுப்பனவுகளைக் கண்டுபிடியுங்கள். தொலைபேசிப் பட்டியல், காப்புறுதித் தவணை, கடையின் இணையத்தளக் கட்டணம், பேஸ்புக் விளம்பரம் போன்றவை. அவற்றை வேறு வழிக்கு மாற்றுங்கள்.

அடுத்து, இன்றைய திகதியில் தீர்க்கவேண்டிய முழுத் தொகையைக் கேளுங்கள். கூற்றில் உள்ள தொகை மட்டும் போதாது. அதன் பின்னர் சேர்ந்த வட்டியும் கட்டணமும் இருக்கும். பத்து ரூபாய் மீதி விட்டாலும் கணக்கு மூடப்படாமல் நிற்கலாம்.

மூன்றாவது, கணக்கை மூடும்படி எழுத்தில் கொடுங்கள். கிளையில் கொடுத்தால் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். மனைவிக்கோ, மகனுக்கோ, முன்னாள் ஊழியருக்கோ மேலதிகக் கார்ட் கொடுத்திருந்தால் அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

நான்காவது, கணக்கு மூடப்பட்டது, நிலுவை எதுவும் இல்லை என்று வங்கியிடமிருந்து கடிதம் பெறுங்கள். காணி உறுதி வைக்கும் கோப்பிலேயே அதையும் வையுங்கள். கார்டைச் சிப்பும் காந்தப் பட்டியும் துண்டாகும்படி வெட்டுங்கள்.

கடைசியாக, இரண்டு மூன்று மாதம் கழித்து க்ரிப் அறிக்கையை எடுத்து, அந்தக் கணக்கு தீர்க்கப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் நிதியியல் ஒம்புட்ஸ்மனிடமோ, மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திடமோ போகலாம். திணைக்களத்தின் அழைப்பு இலக்கம் 1935.

வங்கிகளிடம் ஒரு கோரிக்கை

பொறுப்பு முழுவதையும் வாடிக்கையாளர் தலையில் போடுவது நியாயமல்ல. பக்கத்து நாட்டைப் பாருங்கள். இந்திய ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட பணிப்புரையின்படி, ஒரு வருடத்துக்கு மேல் பாவிக்கப்படாத கடனட்டை பற்றி வங்கி வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நிலுவை தீர்க்கப்பட்டிருக்கும் பட்சத்தில், கணக்கை மூட வேண்டும். வாடிக்கையாளர் மூடும்படி கேட்டால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 500 இந்திய ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும்.

இதே அளவு தெளிவான விதி இங்கும் வேண்டும் என்பது எனது கருத்து. பாவிக்கப்படாத கார்டுக்கு இரண்டாவது வருடக் கட்டணம் போடுமுன் வாடிக்கையாளரின் சம்மதத்தைக் கேட்கட்டும். வெறும் கட்டணத்தால் மட்டும் உருவான நிலுவையைக் கடன் தவறியவரின் நிலுவையோடு ஒன்றாக வைத்துப் பார்க்காதிருக்கட்டும். நமது வர்த்தகச் சங்கங்கள் வரிப் பிரச்சினைக்கு மகஜர் கொடுப்பதுபோல இதற்கும் ஒன்று கொடுக்கலாம். ஆயிரம் ரூபாய் விடயம் என்று நினைக்க வேண்டாம். அந்த ஆயிரம் ரூபாய்தான் ஐம்பது இலட்சம் ஓடீயைத் தடுக்கிறது.

விதி வரும்வரை நமது கையில் இருப்பதை நாம் செய்வோம். ஜனாஸாத் தொழுகையின்போது, மரணித்தவரோடு கொடுக்கல் வாங்கல் இருந்தால் குடும்பத்தாரைத் தொடர்புகொள்ளுங்கள் என்று அறிவிப்பது நம்மிடையே வழக்கம். கடைக்காரர் வருவார், வாடகைக்காரர் வருவார், பிள்ளைகள் கொடுத்து முடிப்பார்கள். வங்கியின் கார்ட் பிரிவு அந்த அறிவிப்பைக் கேட்பதில்லை. லாச்சிக்குள் ஒரு கார்ட் இருக்கிறது என்பது மனைவிக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது என்றால், அந்தக் கணக்கை அவர் சார்பில் தீர்ப்பது யார்?

இந்த வாரம் கடை மூடும் ஒரு நாளில் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். எந்த வங்கி, எந்தக் கார்ட், கடைசி நான்கு இலக்கம், எல்லை, நிலுவை, எந்த விலாசம் கொடுத்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். முழு இலக்கத்தையும் இரகசிய இலக்கத்தையும் எழுத வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே "வைத்திருப்பது" அல்லது "மூடுவது" என்று போடுங்கள். அந்தத் தாளை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் காட்டி வையுங்கள். மூடுவது என்று எழுதியவற்றுக்கான கடிதங்கள் அடுத்த வாரம் வங்கிக்குப் போகட்டும்.